மூலிகைத் தேநீர் புதிதாகக் குடிக்கப் போகிறீர்களா? முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

படபடப்பும் தூக்கமின்மையும் சேர்ந்து வந்தபோது, காபியையும் டீயையும் நிறுத்திப் பாருங்கள் என்றார் மருத்துவர். நிறுத்தினேன். ஆனால் வெறும் வெந்நீரை எத்தனை நாள் குடிப்பது? முன்பக்கத்தில் பச்சை இலைப் படமும் ‘மூலிகை’ என்ற பெரிய எழுத்தும் போட்ட ஒரு பாக்கெட்டை வாங்கி, தினமும் இரவில் இரண்டு கோப்பை குடித்து வந்தேன். இரண்டு வாரம் ஆகியும் தூக்கம் வரவில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் படித்த அன்றுதான் தெரிந்தது, பட்டியலில் மூன்றாவதாக யெர்பா மாத்தே இருக்கிறது என்று. அதுவும் மூலிகைதான். ஆனால் காஃபின் நிறைந்த மூலிகை.

அதை ஒதுக்கிவிட்டு, நாக்குக்கு இனிப்பாக இருந்த வேறொரு கலவைக்கு மாறினேன். பிடித்துப்போனதால் ஒரு நாளைக்கு நான்கைந்து கோப்பை. ஆறு வாரம் கழித்து ரத்த அழுத்தம் பார்த்தபோது ஏறியிருந்தது. அந்த இனிப்பு அதிமதுரத்தில் இருந்து வந்திருக்கிறது. குடிப்பதை நிறுத்திய பிறகு சில வாரங்களில் அழுத்தம் பழைய நிலைக்கு வந்தது.

காஃபின் இல்லை என்பதற்கும் சரி, உடம்புக்குக் கெடுதல் இல்லை என்பதற்கும் சரி, ‘மூலிகை’ என்ற ஒரு சொல் போதாது. எந்தச் செடி, எந்தப் பகுதி, எவ்வளவு, யார் குடிக்கிறார் என்று பார்த்தால்தான் விடை கிடைக்கும். எனக்கு வீணாய்ப்போன அந்த இரண்டு மாதம் உங்களுக்கு வீணாக வேண்டாம் என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. தேயிலையையும் மூலிகையையும் பிரித்துக்கொள்ளுங்கள்

பிளாக் டீ, கிரீன் டீ, ஒயிட் டீ, ஊலாங், மாட்சா எல்லாம் ஒரே தேயிலைச் செடியில் இருந்து வருபவை. பதப்படுத்தும் முறைதான் வேறு. எல்லாவற்றிலும் காஃபின் உண்டு. ஒரு கோப்பையை 240 மில்லி என்று வைத்துக்கொண்டால், வடிகட்டிய காபியில் ஏறக்குறைய 80 முதல் 100 மில்லிகிராம், பிளாக் டீயில் 40 முதல் 50, கிரீன் டீயில் 30 அளவுக்கு இருக்கும். ஊறும் நேரத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். ‘டீகாஃப்’ என்று விற்பவற்றில் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறார்கள், ஆனாலும் சில மில்லிகிராம் மிஞ்சும். பெரும்பாலானவர்களுக்கு அது பொருட்டில்லை. முழுவதும் விட வேண்டியவர்களுக்கு மட்டும் அது கணக்கில் வரும்.

பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்கள் சில உண்டு. மல்லிகைத் தேநீர் என்பது பெரும்பாலும் மல்லிகை மணம் ஏற்றிய கிரீன் டீ. வறுத்த அரிசி சேர்த்த ஜப்பானிய கென்மாய்ச்சாவும் கிரீன் டீதான். கொம்புச்சா தேயிலைக் கஷாயத்தைப் புளிக்கவைத்துச் செய்வது. மசாலாப் பொருட்களின் படம் போட்ட கலவைகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை பிளாக் டீ.

இன்னொரு வகை, தேயிலையே இல்லாமல் காஃபின் உள்ள செடிகள்: யெர்பா மாத்தே, குவாயூசா, யாப்பான், குவாரனா, கோலாக் கொட்டை. இந்த ஐந்து பெயரையும் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘உற்சாகம்’, ‘சுறுசுறுப்பு’ என்று எழுதிய மூலிகைக் கலவையில் இவற்றில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். கொக்கோ ஓட்டில் செய்யும் தேநீரிலும் கொஞ்சம் காஃபின் இருக்கும்.

2. காஃபினை விடுவதற்குத் தேதி போட்டுக்கொள்ளுங்கள்

இதை நான் செய்யவில்லை. ஒரே நாளில் நிறுத்தினேன். மறுநாள் தலை வெடித்தது. பழகியவர்கள் காஃபினைச் சட்டென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் தொடங்கும். முதல் இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், சிலருக்கு ஒன்பது நாள் வரைகூட நீடிக்கும். இந்தக் காலத்தில் புது மூலிகை ஒன்றைக் குடித்தால், தலைவலிக்கு அதுதான் காரணம் என்று தோன்றும். ஒரு வாரம் கழித்துத் தானாகச் சரியானதும், அதே மூலிகைதான் குணப்படுத்தியது என்றும் தோன்றும். இரண்டுமே தப்புக் கணக்கு.

அதனால் படிப்படியாகக் குறையுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு குறைத்தால் இரண்டு வாரத்தில் விட்டுவிடலாம். மாலைக் கோப்பையை முதலில் எடுங்கள், காலைக் கோப்பையைக் கடைசியில் எடுங்கள். உடம்பில் உள்ள காஃபின் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பக் காலத்தில் அது இன்னும் நீளும். மாலை நான்கு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு ஒன்பது மணிக்கும் உள்ளே இருக்கிறது என்றால், எதை முதலில் விடுவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முழுவதும் விட வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை, கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரை என்பது பல நாட்டு நலவாழ்வு அமைப்புகள் சொல்லும் வரம்பு. காலையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு மதியத்துக்கு மேல் மூலிகைக்கு மாறுவதே பலருக்குப் போதும்.

ஒரு எச்சரிக்கை. லித்தியம் மாத்திரை எடுப்பவர்கள் காஃபினை நிறுத்தினால் ரத்தத்தில் லித்தியம் அளவு கூடலாம். குளோசபின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் அளவு குறையலாம். இவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

3. ஒரு தாளில் உங்கள் பட்டியலை எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியது இது. பத்து நிமிட வேலை. தாளில் இவை இருக்கட்டும்:

- தினமும் எடுக்கும் மாத்திரைகள், அளவு, நேரம். கருத்தடை மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம் இதில் சேரும். பலர் இவற்றை மருந்து என்றே நினைப்பதில்லை, அதனால் சொல்வதும் இல்லை.
- ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், இதயம், தைராய்டு, நெஞ்செரிச்சல் என்று ஏதாவது இருந்தால் அது.
- ஒவ்வாமைகள். பூந்தாது ஒவ்வாமையைத் தனியாகக் குறியுங்கள்.
- கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருக்கிறதா.

இந்தத் தாளையும், நீங்கள் வாங்க நினைக்கும் பாக்கெட்டின் பின்பக்கப் போட்டோவையும் மருந்தாளுநரிடமோ மருத்துவரிடமோ காட்டுங்கள். “மூலிகை டீ குடிக்கலாமா?” என்று கேட்டால் “குடிக்கலாம்” என்ற பதில்தான் வரும். நான் அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் பதில் வந்தது. “இதில் அதிமதுரம் இருக்கிறது, நாளுக்கு மூன்று கோப்பை, நான் ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறேன், சரிவருமா?” என்று கேளுங்கள். செடியின் பெயர், கோப்பைக் கணக்கு, மாத்திரையின் பெயர் மூன்றும் கேள்வியில் இருந்தால்தான் பதில் உங்களுக்கான பதிலாக இருக்கும்.

4. லேபிளைப் பின்பக்கத்தில் இருந்து படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். தகவல் இருப்பது பின்பக்கத்தில்.

பொருட்கள் பட்டியலை வழக்கமாக எடை வரிசையில்தான் எழுதுவார்கள். அதிகம் உள்ளது முதலில். பெயர் கெமோமில் (சீமைச்சாமந்தி) என்று இருக்கும், பட்டியலில் கெமோமில் ஐந்தாவதாக இருக்கும். அப்படியென்றால் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் வேறு ஏதோ. ‘மூலிகைக் கலவை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டு எந்தச் செடி என்று சொல்லாத பாக்கெட்டை எடுக்காதீர்கள். அது எவ்வளவு நல்ல பெயர் உள்ளதாக இருந்தாலும் சரி, உங்கள் தாளோடு ஒப்பிட வழியில்லாமல் போகும்.

தாவரவியல் பெயரும், பூவா இலையா வேரா என்ற விவரமும் இருந்தால் நல்லது. ஒரே பெயரில் பல செடிகள் இருப்பதுதான் இதற்குக் காரணம். உதாரணம் ஹிபிஸ்கஸ் தேநீர். செம்பருத்தி என்று மொழிபெயர்த்து எழுதியிருப்பார்கள், வேலியோரம் பூக்கும் செம்பருத்தியின் இதழ் என்றுதான் நாமும் நினைப்போம். உண்மையில் கடைகளில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த ரோசெல் செடியின் காய்ந்த புல்லிவட்டம், அதாவது பூவின் அடியில் இருக்கும் உறை. அதனால்தான் அவ்வளவு புளிப்பு.

அன்னாசிப்பூவில் இந்தப் பெயர்க் குழப்பம் உயிருக்கே ஆபத்தாகும். சமையலில் போடுவது சீன வகை. அதே போலத் தோற்றம் கொண்ட ஜப்பானிய வகை நஞ்சு. 2001ஆம் ஆண்டு நெதர்லாந்தில் இந்த நஞ்சு வகை கலந்த தேநீரைக் குடித்தவர்களுக்கு வலிப்பு வந்தது. 2003ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் அன்னாசிப்பூத் தேநீரைக் குடிக்க வேண்டாம், குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. காய்ந்து நொறுங்கிய பிறகு இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது.

‘உடல் மெலிய’, ‘நச்சு நீங்க’, ‘வயிறு தட்டையாக’ என்று எழுதியிருந்தால் உடனே நிலாவாரையைத் தேடுங்கள். சென்னா என்றும் போட்டிருப்பார்கள். அது பேதி மருந்து. எடை குறைந்ததுபோல் தெரிவது நீர் வெளியேறியதால்தான். தொடர்ந்து குடித்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும். வயிற்றுப்போக்கு கடுமையானால் கருத்தடை மாத்திரைகூடச் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். மலச்சிக்கலுக்குச் சில நாள் எடுக்கும் மருந்தை அன்றாட பானமாக விற்பது எனக்கு உண்மையாகவே கோபம் வரவழைக்கும் விஷயம்.

அப்புறம் காலாவதித் தேதி, பேட்ச் எண், தயாரித்தவர் முகவரி. இந்த மூன்றும் இல்லாதது வேண்டாம்.

5. எதை விட்டீர்களோ அதற்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்

பத்துப் பாக்கெட் வாங்கி எதுவும் பிடிக்காமல் காபிக்கே திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். எதை இழந்தோம் என்று யோசிக்காமல் வாங்குவதால் வருவது அது. உங்களுக்குக் குறைவது கசப்பா, அடர்த்தியா, பாலோடு குடிப்பதா, மணமா, அல்லது கையில் சூடாக ஒரு கோப்பை இருப்பது மட்டுமா?

பால் டீ குடித்துப் பழகியவர்களுக்கு ரூய்போஸ். தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் செடி. செம்பழுப்பு நிறம், காஃபின் இல்லை, துவர்ப்பைத் தரும் டானின் குறைவு. எவ்வளவு நேரம் ஊறினாலும் கசக்காது. பால் சேர்த்தால் நன்றாக இருக்கும். நான் முதலில் வாங்கியிருக்க வேண்டியது இதுதான். பழக வேண்டிய மர வாசம் ஒன்று அதில் உண்டு, மூன்றாவது நான்காவது கோப்பையில் அது உறுத்தாது.

காபியின் கசப்பு வேண்டுபவர்களுக்கு வறுத்த சிக்கரி வேர், அல்லது வறுத்த பார்லி. சிக்கரி வாங்கும்போது காபித்தூளோடு கலந்ததா, தனிச் சிக்கரியா என்று பாருங்கள். குளூட்டன் என்ற தானியப் புரதம் ஆகாதவர்கள் பார்லியைத் தொடக் கூடாது.

வயிறு நிறைந்த பிறகு லேசாக ஏதாவது வேண்டும் என்றால் புதினா அல்லது பெப்பர்மின்ட். ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இது எதிரி. உணவுக்குழாயின் கீழ்வாயில் உள்ள தசையைத் தளர்த்தி அமிலத்தை மேலே வரவிடும். செரிமானத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டுக் குடித்து, எரிச்சல் கூடியதும் இன்னும் ஒரு கோப்பை குடிப்பவர்கள் உண்டு. உங்களுக்கு அப்படி ஆனால் அன்றே விட்டுவிடுங்கள்.

இரவுக்குக் கெமோமில். ஆப்பிள் போன்ற மெல்லிய மணம். தூக்கம் வரவழைக்கும் என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. இதமாக இருக்கும் என்பது என் அனுபவம், அதற்காகவே குடிக்கிறேன். சாமந்திக் குடும்பப் பூக்கள், அதே குடும்பத்துக் களையான ராக்வீடின் பூந்தாது ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் கேட்காமல் குடிக்கக் கூடாது. வார்ஃபரின் எடுத்துக்கொண்டே கெமோமிலை நிறையப் பயன்படுத்திய ஒருவருக்கு உள்ளே ரத்தக்கசிவு ஏற்பட்டது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

புளிப்பும் குளிர்ச்சியும் வேண்டும் என்றால் ஹிபிஸ்கஸ். மாதுளை நிறத்தில் இறங்கும். ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் ஏற்கெனவே அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். அமிலம் அதிகம் என்பதால் குடித்த உடனே பல் தேய்க்காமல் வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள். இதில் பால் ஊற்றினால் திரிந்துவிடும்.

காரம் வேண்டும் என்றால் இஞ்சி. குமட்டலுக்கு நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அளவாகக் குடிக்க வேண்டும். பச்சை இஞ்சியைக் கொதிக்கவிடாமல் பாலில் போட்டால் பால் திரியும். முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கட்டும், பிறகு பால். எலுமிச்சைப்புல் மட்டும் போட்டுக் கொதிக்கவைத்தாலும் நன்றாக இருக்கும், இஞ்சியோடு சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

6. இவற்றை ஒதுக்குங்கள், அல்லது கேட்டுவிட்டுத் தொடுங்கள்

அதிமதுரத்தைப் பற்றிச் சொன்னேன். அதில் உள்ள கிளிசிரைசின் என்ற பொருள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். அழுத்தம் ஏறும், கால் வீங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பது பிரச்சினை இல்லை. தினமும் பல கோப்பை என்பதுதான் பிரச்சினை. ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், நீர் மாத்திரையோ டிகாக்ஸின் என்ற இதய மருந்தோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும். சர்க்கரை சேர்க்காமலே இனிக்கும் எந்தக் கலவையிலும் முதலில் இதைத்தான் தேட வேண்டும். தொண்டைக்கு, செரிமானத்துக்கு, இரவுக்கு என்று விற்கும் கலவைகள் பலவற்றில் இது இருக்கிறது.

காம்ஃப்ரே, கோல்ட்ஸ்ஃபுட் என்ற இரண்டு செடிகளிலும் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் என்ற நச்சுப் பொருட்கள் உண்டு. காம்ஃப்ரே கலந்த, வாய்வழி எடுக்கும் பொருட்களைச் சந்தையில் இருந்து எடுத்துவிடும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2001ஆம் ஆண்டிலேயே கேட்டுக்கொண்டது. இந்த ஆல்கலாய்டு உள்ள களைகள் நல்ல மூலிகையோடு சேர்ந்து அறுவடையாகிக் கலந்துவிடுவதும் உண்டு. அதற்காகவே ஐரோப்பிய ஒன்றியத்தில் மூலிகைத் தேநீர்களுக்கு வரம்பு வைத்து, 2022 ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டில் உட்கார்ந்து இதைச் சோதிக்க நம்மால் முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: ஆண்டு முழுவதும் ஒரே மூலிகையை லிட்டர் கணக்கில் குடிக்காமல், மூன்று நான்கு வகையை மாற்றி மாற்றிக் குடியுங்கள்.

பென்னிராயல் வேண்டாம். பெயரில் புதினா இனம் என்று இருந்தாலும் அது கல்லீரலுக்கு நஞ்சு. காவா என்ற செடியின் வேரும் கல்லீரல் பாதிப்போடு தொடர்புள்ளது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மனச்சோர்வுக்கு என்று விற்கப்படுகிறது. கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிந்தைய மருந்துகள் என்று பலவற்றின் வேலையை அது கெடுக்கும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. தூக்கத்துக்கு என்று விற்கும் வலேரியன் வேர் தூக்க மாத்திரையோடு சேரக் கூடாது, குடித்துவிட்டு வண்டி ஓட்டவும் கூடாது.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்: “காலம்காலமாகக் குடிக்கிறார்கள்” என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. பல மூலிகைகள் கர்ப்பக் காலத்தில் ஆராயப்பட்டதே இல்லை. இஞ்சி, ரூய்போஸ் போன்ற ஒன்றிரண்டை மருத்துவரிடம் கேட்டு, நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பையோடு நிறுத்துங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மூலிகைத் தேநீரும் வேண்டாம், அதில் கலக்கும் தேனும் வேண்டாம். தேன் அந்த வயதில் பொட்டுலிசம் என்ற கடும் நோயை உண்டாக்கலாம்.

அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே மூலிகைகளை நிறுத்துவது பற்றிக் கேளுங்கள். மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

காட்டிலோ சாலையோரத்திலோ பறித்து வந்து காய்ச்சாதீர்கள். காம்ஃப்ரே என்று நினைத்து ஃபாக்ஸ்குளோவ் என்ற நச்சுச் செடியின் இலையைக் காய்ச்சிக் குடித்து, இதயம் பாதித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அரளி இலையும் அப்படித்தான்.

7. சின்ன அளவில் வாங்குங்கள், கோப்பைக் கணக்குப் போடுங்கள்

விலையை ஒப்பிடும்போது பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள். ஒரு கோப்பைக்கு ஏறக்குறைய 2 கிராம் காய்ந்த மூலிகை போகும். 100 கிராம் உதிரி வாங்கினால் 50 கோப்பை. 20 டீ பேக் உள்ள பெட்டியில் பை ஒன்றுக்கு ஒன்றரை கிராம் என்றால் மொத்தமே 30 கிராம்தான். இரண்டின் விலையையும் கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்று தெரியும். பெரும்பாலும் உதிரிதான் மலிவாக வரும். பூவும் இலையும் முழுசாக இருக்கிறதா, தூளாகிவிட்டதா என்று பார்க்கவும் முடியும். டீ பேக்தான் வசதி என்றால் நைலான் பையைத் தவிர்த்துக் காகிதப் பையை எடுங்கள். கொதிநீரில் பிளாஸ்டிக் பைகள் நுண்துகள்களை விடுகின்றன.

முதல் தடவை 25 அல்லது 50 கிராமுக்கு மேல் எதையும் வாங்காதீர்கள். பத்து வகை சேர்ந்த பரிசுப் பெட்டி பார்க்க அழகாக இருக்கும், அதில் ஏழு வகை அலமாரியிலேயே பழசாகும். கருவிக்குப் பெரிய செலவு வேண்டாம். நல்ல வடிகட்டியும் மூடி உள்ள பாத்திரமும் போதும்.

காற்றுப் புகாத டப்பாவில், வெயிலும் ஈரமும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். இலையும் பூவும் ஓராண்டுக்குள் தீர்த்துவிட வேண்டியவை. விரலிடையில் கசக்கிப் பாருங்கள். மணம் எழவில்லை என்றால் சாரமும் போய்விட்டது. பூசண வாசம் வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

8. காய்ச்சும் முறை

“மூலிகை டீ வெறும் சப்பென்று இருக்கிறது” என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் செய்வது இரண்டு தவறு: தண்ணீர் போதுமான சூட்டில் இல்லை, ஊறும் நேரம் போதவில்லை. கிரீன் டீக்கு 80 டிகிரி சரி. மூலிகைக்குக் கொதிக்கும் தண்ணீர் வேண்டும்.

இலைக்கும் பூவுக்கும்: 200 முதல் 250 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் குவியலாக. பச்சை இலை என்றால் இரண்டு மூன்று மடங்கு. கொதிநீரை ஊற்றி உடனே மூடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம். மூடாவிட்டால் மணத்தைத் தரும் எண்ணெய் ஆவியோடு போய்விடும். மூடியின் உட்புறம் கோத்திருக்கும் துளிகளைக் கோப்பையிலேயே உதறுங்கள், அதில்தான் வாசம் இருக்கிறது. கெமோமில் மட்டும் ஐந்தாறு நிமிடத்தைத் தாண்டினால் கசக்கும்.

வேர், பட்டை, காய்ந்த விதைக்கு ஊறவைப்பது போதாது. தண்ணீரில் போட்டுச் சிறுதீயில் 10 முதல் 15 நிமிடம் கொதிக்கட்டும். விதையைக் காய்ச்சும் முன் லேசாக நசுக்குங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் போட்டு வெயிலில் வைப்பது, இரவெல்லாம் மேசையில் ஊறவிடுவது வேண்டாம். காய்ந்த மூலிகை வயலில் இருந்து வந்த பொருள். அதில் கிருமிகள் இருக்கலாம், அவற்றைக் கொல்வது கொதிநீர்தான். ஐஸ் டீ வேண்டும் என்றால் இரண்டு மடங்கு மூலிகை போட்டுக் கொதிநீரில் இறக்கி, வடிகட்டி, ஆறவைத்து, ஃபிரிஜ்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் குடித்துவிடுங்கள்.

காய்ச்சும்போதுதான் கொதி தேவை, குடிக்கும்போது இல்லை. 65 டிகிரிக்கு மேல் சூடாக எந்த பானத்தையும் குடிப்பது உணவுக்குழாய்க்கு நல்லதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016ஆம் ஆண்டில் அதைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவை வரிசையில் சேர்த்தது. கொஞ்சம் ஆறட்டும்.

நேரமும் முக்கியம். காஃபின் இல்லாததால் இரும்புச்சத்துக்குத் தடை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு குடித்த பெப்பர்மின்ட் தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைப் பிளாக் டீ அளவுக்கே குறைத்தது. கெமோமில் அதைவிடக் குறைவாக, ஆனாலும் குறைத்தது. ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டில் இருந்தும் இரும்பு மாத்திரையில் இருந்தும் தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். தைராய்டு மாத்திரையை எப்போதும் வெறும் தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். இரவுக் கோப்பையைப் படுப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் நடுவில் எழ வேண்டியிருக்காது.

9. ஒரு நேரத்தில் ஒரு செடி

கலவை வேண்டாம், முதல் மாதம் தனி மூலிகைதான். முதல் நாள் அரைக் கோப்பை. மூன்று நாள் ஒன்றும் செய்யவில்லை என்றால் ஒரு கோப்பை. ஒரு வாரம் ஆன பிறகுதான் அடுத்த செடி. தேதி, செடி, கோப்பை, தூக்கம், வயிறு, இவ்வளவு குறித்தால் போதும். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் தொடங்கும் முன் ஒருமுறையும், இரண்டு வாரம் கழித்து ஒருமுறையும் அளந்து அதே தாளில் எழுதுங்கள். நான் முதல் நாள் அளந்து வைத்திருந்தால் ஆறு வாரம் போயிருக்காது. வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவர் சம்மதித்துத் தொடங்கினாலும் ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் சோதனைத் தேதியை முன்னதாகப் போடச் சொல்லுங்கள்.

அரிப்பு, தடிப்பு, வயிற்றுப்போக்கு, படபடப்பு, கால் வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்தாலோ அன்றே போங்கள். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ, வலிப்பு வந்தாலோ, அவசரச் சிகிச்சைக்கு உடனே போக வேண்டும். போகும்போது பாக்கெட்டையும் மீதி மூலிகையையும் கையோடு எடுத்துப் போங்கள். உதிரியை டப்பாவுக்கு மாற்றும்போது லேபிளை வெட்டி மூடியின் உள்ளே ஒட்டிவைத்தால், அந்த அவசரத்தில் பெயரையும் பேட்ச் எண்ணையும் தேட வேண்டியிருக்காது.